இரண்டு கல்லோடு அச்சுவேலியில்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டேகாலுக்கு யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் இறங்கினேன். முதல்நாள் இரவு மட்டக்களப்பில் ஏறி, மாகோவில் வண்டி மாறி வந்ததில் சட்டையெல்லாம் புழுதி. அறுபத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம் அது. வீட்டில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். வேலை பார்க்கிற கந்தோரில் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்: கடதாசி விளையாடப் போகிறேன்.

கூப்பிட்டவர் நடராசா அண்ணை. வாழைச்சேனைப் பக்கம் தெரு வேலை நடந்த காலத்தில் அவர் லொறிச் சாரதி, நான் கணக்கெழுதுகிறவன். ஆறு வருடம் ஒரே கூடாரத்தில் இருந்தோம். பின்னேரங்களில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும்போது நானும் அவரும்தான் சோடி. எங்களை வென்றவர்கள் குறைவு. பிறகு அவர் வேலையை விட்டு, சொந்த ஊரான புத்தூருக்குப் போய், ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கி, ஆட்களை ஏற்றி ஹயர் ஓடத் தொடங்கினார். எட்டு வருடம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. “அச்சுவேலி வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. எனக்குச் சோடி இல்லை. வாரும்.”

நிலைய வாசலில் காரோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் கிட்டப் போய், “அண்ணை” என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

“ஆர், சிவலிங்கமோ? அட, மெலிஞ்சு போனீர். ஏறும், ஏறும்.”

பருத்தித்துறை வீதியில் புத்தூர் ஒன்பது மைல். பங்குக்கு ஏறினால் ஆளுக்கு எழுபத்தைந்து சதம். அன்றைக்கு வேறு ஆட்களை ஏற்றாமல் என்னை முன்சீட்டில் இருத்திக்கொண்டார். நல்லூர் கடந்ததும் வெயில் கண்ணாடியில் நேரே அடித்தது. கோப்பாய் வெளியில் காற்று உப்பாக வந்தது. நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள். அதற்கப்பால் மண் சிவந்து, வெங்காயம் பாத்தி பாத்தியாய்ப் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. கிண்டுகிற காலம். குடும்பம் குடும்பமாகத் தோட்டத்துக்குள் குந்தியிருந்தார்கள்.

அவர் மெதுவாகத்தான் ஓடினார். ஓடும்போது என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தார்.

“உங்கை முன்னாலை போறது லொறியோ, வண்டிலோ?”

“வண்டில், அண்ணை. வைக்கோல் ஏத்திக்கொண்டு போகுது.”

“ஓமோம். அந்தச் சந்தியிலை ஆரும் கை காட்டுகினமோ?”

“ஒருத்தரும் இல்லை.”

வெளியூரில் இருந்து வந்தவனோடு பேச்சு வளர்க்கிறார் என்றே நினைத்தேன். மைல் கல்லைக்கூட என்னை வாசிக்கச் சொன்னார்.

வீட்டில் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், இடியப்பமும் சொதியும் வைத்தார். பிள்ளைகள் இல்லை. காரே அவர்களுக்குச் சோறு. கிழமை நாட்களில் காலையில் புத்தூரிலிருந்து ஆறு பெண்பிள்ளைகளை உடுவிலில் உள்ள பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுபோய் விடுவதும், பின்னேரம் திருப்பிக் கொண்டுவருவதும்தான் நிலையான வருமானம்.

“ஏழு வரிசமா ஒரு நாள் பிந்தினதில்லை, தம்பி,” என்றார் அக்கா. “தாய் தேப்பன்மார் இவரை நம்பித்தான் அனுப்புகினம்.”

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அச்சுவேலி வாசிகசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு நீண்ட மண்டபம். மேற்குப் பக்கமாக அகலமான வாசல். பத்திரிகை மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு நடுவில் சதுர மேசைகள் போட்டிருந்தார்கள். பெயர் கொடுத்தது எட்டுச் சோடி. வெங்காயம் கிண்டப் போனதால் வந்தது நாலு. பரிசாக ஒரு கிடாய் வாசலில் கட்டி நின்று, அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு பேர், ஆளுக்கு எட்டுக் கடதாசி, எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. இனம் நாலு: சிவப்பில் ஆட்டின், ரூவிதன்; கறுப்பில் ஸ்கோப்பன், கலாவரை. கடதாசிகளில் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் முந்நூற்றிநாலு. ஆளுக்கொன்று இறக்கினால் ஒரு பிடி, பெரியதைப் போட்டவருக்கு அது; எந்த இனத்திலும் ஜாக்கி பெரிது, அடுத்தது ஒன்பது. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் கேள்வி கேட்டு, துரும்பு வைத்து விளையாடுவார். ஒவ்வொரு சோடிக்கும் தொடக்கத்தில் பதினொரு கல். அன்றைக்குக் கல் என்று வைத்திருந்தது புளியங்கொட்டை. சாதாரணக் கேள்வி வென்றால் எதிராளியிடம் ஒரு கல் வாங்கலாம். தோற்றால் இரண்டு கொடுக்க வேண்டும். இருநூற்றைம்பது கேட்டால் வெற்றிக்கு மூன்று, தோல்விக்கு நாலு. கல் முடிந்தவன் எழும்ப வேண்டும். விளையாடும்போது சோடிகள் கதைக்கக் கூடாது.

காலை ஆட்டத்தில் இரண்டு வாத்திமாரை ஒன்றரை மணி நேரத்தில் அனுப்பினோம். நடராசா அண்ணை பழைய நடராசா அண்ணையாகவே விளையாடினார். மறுபக்கத்து ஆட்டத்தில் வென்றவர்கள் வல்வெட்டித்துறையிலிருந்து வந்த அண்ணன் தம்பி, இராசையாவும் தங்கவேலும். கடலோடிகள். இருவருக்கும் வெயிலில் காய்ந்த கழுத்து, பெரிய குரல். மதியம் சாப்பிடும்போது தாங்கள் கொண்டுவந்த கணவாய்க் கறியை எங்கள் இலையிலும் போட்டார்கள்.

“திண்டுபோட்டு வாங்கோ,” என்றார் மூத்தவர் இராசையா. “தோக்கிறதெண்டாலும் வயிறு நிறைய இருக்கவேணும்.”

கடைசி ஆட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. திருவுளச் சீட்டில் விழுந்தபடி நடராசா அண்ணைக்கு மேற்கு வாசலைப் பார்த்த கதிரை. எனக்கு வாசல் முதுகுப் பக்கம்.

சகோதரர்கள் விளையாடுகிற விதம் அடுத்த நிமிடமே தெரிந்தது. கையில் எது வந்தாலும் கேட்பார்கள். ஒருவர் கேட்டால் மற்றவர் அதற்கு மேல் கேட்பார். தோற்றால் சிரிப்பார்கள். முதல் ஆட்டத்திலேயே தங்கவேல் ஒன்றும் இல்லாமல் கேட்டு, இரண்டு கல் தந்தார். எங்களிடம் பதின்மூன்று, அவர்களிடம் ஒன்பது. இப்படிப்பட்டவர்களோடு பொறுமையாக இருந்தால் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அடுத்ததில் நான் கேட்டேன். வெல்லக்கூடிய கை. நடுவில் நடராசா அண்ணை ஓர் ஆட்டின் பத்தை எதிராளியின் பிடியில் கொண்டுபோய்ப் போட்டார். தோற்றோம். கைப்பிழை என்று விட்டேன். அதற்கடுத்ததில் ஆட்டின் இறங்கியபோது அவர் ரூவிதன் போட்டார். ஆட்டம் முடிந்து பார்த்தால் அவருடைய கையில் இரண்டு ஆட்டின் இருந்திருக்கிறது. அந்த இனம் கையில் இருக்க வேறு இனம் போட்டால் மூன்று கல் தண்டம். நடுவராக இருந்த இளைப்பாறிய தபாலதிபர் கல்லை எண்ணி எடுத்து அவர்கள் பக்கம் வைத்தார்.

“என்ன, அண்ணை, வீட்டு நினைவோ?” என்றார் தங்கவேல்.

நடராசா அண்ணையின் முகம் கறுத்தது. போனதை மீட்கும் ஆத்திரத்தில் இருநூற்றைம்பது கேட்டார். அதில் நாலு போயிற்று. பிறகு சகோதரர்கள் கேட்ட இரண்டு சாதாரணக் கேள்வியும் நல்ல கடதாசி விழுந்து வென்றன. மூன்றேகாலுக்கு எங்கள் பக்கம் இரண்டு புளியங்கொட்டை. அந்தப் பக்கம் இருபது.

தேநீருக்கு எழும்பினோம். சந்திக் கடையில் பிளேன்ரீ பத்துச் சதம். கடைக்காரர் நீட்டிய தம்ளரைப் பிடிக்க நடராசா அண்ணை கையை ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனார். வெயில் அவருடைய முகத்தில் நேரே விழுந்தது. அப்போதுதான் கிட்ட நின்று பார்த்தேன். இரண்டு கண்மணியிலும் பால் துளி விழுந்ததுபோல வெண்மை.

வண்டிலையும் லொறியையும் என்னிடம் கேட்டு ஓடிய ஒன்பது மைல் அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. உள்ளே ஆட்டம் காத்திருந்தது.

“அண்ணை, எனக்கு முதுகிலை வெயில் சுடுது. கதிரையை மாத்துவமோ?” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “உமக்கு எது வசதியோ,” என்றார்.

நடுவர் சம்மதித்தார். இப்போது வெளிச்சம் அவருக்கு முதுகுப் பக்கம்; கடதாசியில் மட்டும் விழுந்தது. எனக்குக் கண் கூசியது. பரவாயில்லை.

இரண்டு கல்லோடு விளையாடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இருபது கல்லுக்காரன் எதையும் கேட்கலாம். ஐந்து தரம் தோற்றாலும் அவனிடம் பத்து இருக்கும். எங்களுக்கு ஒரு தோல்வி போதும். ஆகவே சின்னக் கைக்கு வாய் திறக்கக் கூடாது. நல்ல கடதாசியையும் மறைத்து வைத்து, அவர்களைக் கேட்க விட்டு, அந்தக் கேள்வியை உடைக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம். இரண்டு கல் உள்ளவன் தோற்றால் அவனால் இரண்டுதான் கொடுக்க முடியும். சாதாரணக் கேள்வியில் தோற்றாலும் வெளியே, இருநூற்றைம்பதில் தோற்றாலும் வெளியே. அதனால் கேட்பதென்றால் இருநூற்றைம்பதுதான் கேட்க வேண்டும்.

இதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாழைச்சேனைக் கூடாரத்தில் அவர் எனக்குச் சொல்லித் தந்த கணக்குத்தான் அது.

முதல் ஆட்டத்தில் தங்கவேல் கேட்டார், உடைத்தோம். நாலு கல். அடுத்த இரண்டில் அவர்கள் கேட்டு வென்றார்கள். மறுபடி இரண்டு. கூட்டம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. யாரோ கிடாயின் கயிற்றை அவிழ்த்து இராசையாவின் கதிரைக் காலில் கட்டிவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நடுவரும் சிரித்தார்.

அடுத்ததாக எனக்கு வந்த முதல் நாலு கடதாசி: ஸ்கோப்பனில் ஜாக்கி, ஒன்பது, ஆசு, ஆட்டினில் ஜாக்கி.

“இருநூற்றைம்பது,” என்றேன்.

“பாத்தியோ, மட்டக்களப்பார் வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டார்!” என்று இராசையா தொடையில் அடித்தார்.

துரும்பை இறக்கி ஆறு பிடி எடுத்தேன். இரண்டு பிடி மிச்சம். என் கையில் ரூவிதன் ஏழும், ஒன்றுக்கும் உதவாத கலாவரை எட்டும். இரண்டில் ஒன்றை இறக்கியாக வேண்டும். ரூவிதன் ஜாக்கி இன்னும் வெளியே வரவில்லை. அது நடராசா அண்ணையிடம் இருந்தால் பிழைப்போம். இருந்தும் அவர் அதை ஆட்டின் என்று நினைத்தால் முடிந்தது.

ரூவிதன் ஏழைப் போட்டேன். தங்கவேல் அதன்மேல் ஒன்பதைப் போட்டார். நடராசா அண்ணை இரண்டு கடதாசியையும் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கூட்டத்தில் ஒருவர் இருமியது எனக்குக் கேட்டது. ஒன்றை எடுத்தார், திரும்ப வைத்தார், மற்றதை எடுத்து மேசையில் வைத்தார்.

ரூவிதன் ஜாக்கி.

ஐந்து கல். அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சகோதரர்களுக்குக் கையில் இருந்த நிதானமும் போயிற்று. போன மூன்று கல்லையும் ஒரே வீச்சில் மீட்க நினைத்தவர்கள்போலக் கேட்டார்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு உடைத்தோம். ஏழு, ஒன்பது, பதினொன்று. இராசையா இரண்டு தரம் இருநூற்றைம்பது கேட்டு எட்டுக் கல் தந்தார். மிச்சம் மூன்றும் போக, ஐந்தே முக்காலுக்கு அவர்கள் பக்கம் மேசை வெறுமையாயிற்று.

“உங்களோடை விளையாடினால் வள்ளத்திலை ஓட்டை விழுந்த மாதிரி. தண்ணி ஏறுறது தெரியாமல் தாழுறம்,” என்று சொல்லி, இராசையாவே கிடாயைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்.

ஆறரை மணி. வாசிகசாலையிலிருந்து புத்தூர் இரண்டு மைல்தான். பொழுது சாய்ந்து இருள் கட்டத் தொடங்கியது. நடராசா அண்ணை சந்தோஷத்தில் இருந்தார்.

“அந்த ஜாக்கியைப் பாத்தீரோ? மற்றது ஆட்டின் ஒன்பது. மாறிப் போட்டிருந்தால் அவ்வளவுதான்.”

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லொறி விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. வெளிச்சம் கண்ணாடியில் பட்டதும் அவர் கதையை நிறுத்தினார். கார் மெல்ல மெல்ல வலப்பக்கம், லொறிக்கு நேரே போயிற்று.

“அண்ணை!” என்று கத்திக்கொண்டு ஸ்ரேறிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். லொறிக்காரன் ஹோர்னை அமுக்கியபடி உரசுவதுபோலக் கடந்து போனான். எங்கள் கார் வெங்காயத் தோட்டத்து வரம்பில் முன்சில்லு இறங்கி நின்றது. கிடாய் கத்தியது.

அவர் எஞ்சினை நிற்பாட்டினார்.

“எவ்வளவு காலமா, அண்ணை?”

“என்ன எவ்வளவு காலம்?”

“கண்.”

“இருட்டிலை ஆருக்கும் உப்பிடித்தான். பகலிலை எனக்கு நல்லாத் தெரியும்.”

“பகல் வெளிச்சத்திலைதானே ஆட்டினையும் ரூவிதனையும் மாறிப் போட்டனீங்கள்.”

அவர் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பினார். தோட்டத்துக்குள் யாரோ வெங்காயக் கட்டுகளைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சால் நாளைக்குக் காரிலை ஆர் ஏறுவினம்? இந்த வயசிலை நான் என்ன வேலைக்குப் போறது? நீர் நாளைக்கு ரயிலேறிப் போயிடுவீர், சிவலிங்கம். நான் இஞ்சை இருக்கவேணும்.”

“நாளைக்குக் காலமை உங்கடை காரிலை ஆறு பிள்ளையள், அண்ணை.”

காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றினோம். அவர் திறப்பை என்னிடம் நீட்டினார். எனக்குக் கார் ஓடத் தெரியாது. காரை ஓரத்தில் விட்டு, மிச்சம் முக்கால் மைலையும் கிடாயைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். வீட்டில் அக்கா கேட்டதற்கு, “எண்ணெய் முடிஞ்சு போச்சு,” என்றார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழும்பியபோது அவர் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டுப் படலையில் நின்றேன். ஆறரைக்குப் பையோடு புத்தூர்ச் சந்திக்கு நடந்து போனேன். வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் ஆறு பேரும் நின்றார்கள். நடராசா அண்ணையும் வேட்டி சால்வையோடு நின்றார். பக்கத்தில் வேறொருவருடைய கார். அச்சுவேலி ஸ்ராண்டில் அவரோடு ஆளுக்காள் ஹயர் பிடிக்கச் சண்டை போடுகிற மனிதராம் அந்தச் சாரதி. விடிய முன்னம் நடராசா அண்ணை அவருடைய வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார்.

“உங்கடை கார் எங்கை, அங்கிள்?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“பழுது, பிள்ளை. இனி இந்த மாமாதான் கூட்டிக்கொண்டு போவார். ஏறுங்கோ.”

ஒவ்வொருவராக ஏற்றி, விரல் ஏதும் கதவுக்குள் அகப்படாமல் கையால் தடவிப் பார்த்துச் சாத்தினார். கார் சுன்னாகம் வீதியில் திரும்பி உடுவிலுக்குப் போயிற்று. சத்தம் மறையும்வரை நின்றார்.

ஏழு மணி பஸ்ஸில் இருவரும் யாழ்ப்பாணத்துக்கு ஏறினோம். நாற்பத்தைந்து சதம். என் ரயில் ஒன்பதேகாலுக்கு. அவர் பெரியாஸ்பத்திரிச் சந்தியில் இறங்குவதாகச் சொல்லியிருந்தார். பஸ் நின்றது. அவர் இறங்கி, சனத்துக்குள் நின்று வாசல் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் வெளிக்கிட மணி அடித்தது. நான் பையோடு குதித்து இறங்கினேன்.

“ரயில் போயிடுமே,” என்றார்.

“பின்னேரமும் ஒண்டு இருக்கு.”

வரிசையில் பன்னிரண்டு மணிவரை நின்றோம். கண் டொக்டர் இளவயது. சின்ன விளக்கை அடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் வெண்படலம், முற்றினது வலது கண், சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். எழுதிக்கொண்டே, “என்ன தொழில்?” என்று கேட்டார்.

நடராசா அண்ணை என் பக்கம் பார்க்கவில்லை.

“கார் ஓடினனான், ஐயா,” என்றார்.

“எப்ப வரைக்கும்?”

“நேற்றுப் பின்னேரம் வரைக்கும்.”

டொக்டர் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சத்திரசிகிச்சைக்குத் திகதி எழுதிக் கொடுத்தார்.

அவரைப் புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நிலையத்துக்கு நடந்தேன். “போட்டு வாறன், அண்ணை,” என்றபோது கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்து, “அக்காவுக்கு நான்தான் சொல்லவேணும்,” என்றார்.

பின்னேர வண்டி நாவற்குழி தாண்டும்போது கடல்நீர் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் ஊரில் வாவி இருக்கிறது. அதன் நிறம் வேறு, மணம் வேறு. மனிதர்கள் அவ்வளவு வேறில்லை. மட்டக்களப்பில் ஒரு சிநேகிதனின் கண்ணில் பூ விழுந்தால் நான் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தெரியவில்லை. தேநீர்க் கடையில் மூன்றேகால் மணிக்கு எனக்கு விளங்கிவிட்டது. ஆறரைக்கு லொறி எதிரே வரும்வரை சொல்லவில்லை. கதிரையை மாற்றிக் கொடுத்தது அவருக்குச் செய்த உதவி என்று அப்போது நினைத்தேன். உண்மையில் எனக்கு அந்த ஆட்டம் வெல்ல வேண்டியிருந்தது.